இறந்தவர் பங்கு

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் அரசு அறிவித்த உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500. தலைவர் கண்ணை மூடினால் பட்டியலில் பெயரை அடிக்க வேண்டும். மனைவி தலைவியானால் 2,500 ரூபாய் 1,500 ஆகும். தலைமை வந்து சேரும் விதத்தைப் பாருங்கள்!

சாவை மறைத்து ஒரு மாதப் பணம் வாங்கினால் அது திருட்டா? சட்டத்தின் பதில் தெளிவு. நானும் பொய் வேண்டாம் என்றே சொல்வேன். (சொல்வது எனக்குச் சுலபம், அடுத்த வேளைச் சோற்றுக்கு நான் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை.) ஆனால் ஈமக்கடன் ஏறும் மாதத்திலேயே வரவும் குறைகிறது. அவளிடம் உண்மையைக் கேட்கிற அரசு, இறந்தவர் பங்கை மூன்று மாதமாவது அவளுக்கே விட்டுவைத்தால் என்ன?