இயங்காத வண்டியும் இன்மை என்னும் காரணமும்

நிகழ்ந்த காரியத்துக்குக் காரணம் தேடுவது எல்லாருக்கும் இயல்பானது. நிகழ வேண்டிய காரியம் நிகழாதபோது அந்த நிகழாமைக்கும் காரணம் உண்டா, உண்டெனில் அது உள்ள பொருள் ஒன்றா, அல்லது ஏதோ ஒன்றின் இல்லாமையா என்பது இந்தியத் தருக்க நூலார் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினாவாகும். நெருப்பும் இருக்கிறது, எரிபொருளும் இருக்கிறது, இரண்டும் தொட்டுக்கொண்டும் இருக்கின்றன, ஆயினும் எரியவில்லை என்றால் என்ன சொல்வது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்கு. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் அதே வழக்கு இன்று, முந்தின நாள் மாலை வரை ஒழுங்காக ஓடிவிட்டு விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பாமல் நிற்கும் காரின் வடிவில் வந்து சேர்கிறது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, சாவியும் இருக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை. 'பேட்டரி டவுன் ஆகியிருக்கும்' என்பது ஒருவர் கூற்று, 'யார் கண்ணோ பட்டிருக்கிறது' என்பது மற்றொருவர் கூற்று. இவ்விரண்டும் ஒரே வினாவுக்குரிய போட்டி விடைகளா, வேறு வேறு வினாக்களுக்குரிய விடைகளா என்பதைத் தருக்க நூல்களின் துணைகொண்டு தெளிவுபடுத்த முடியும்.

இந்த ஆராய்ச்சிக்கு, உத்திரமேரூரை உள்ளடக்கிய காஞ்சி வட்டாரம் பொருத்தமற்ற களமன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு, அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவை நூலைக் கற்பிக்கும் இடம் காஞ்சி மாநகரமே. நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றாகிய பக்கம், அதற்கு ஆதாரமாகிய ஏது, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தம் என்னும் உறுப்புகள் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வெவ்வாறு பழுதுபடும் என்பதை அக்காதை அலுப்பூட்டும் அளவுக்கு விரிவாகவே சொல்கிறது. நாலந்தாவில் புகழ்பெற்ற பௌத்த ஆசிரியர் தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றிய மாதவச் சிவஞான முனிவரே, அன்னம்பட்டர் வடமொழியில் செய்த தருக்க சங்கிரகத்தையும் அதற்கு அவரே எழுதிய உரையையும் தமிழில் தந்தார். தம் கொள்கையோடு பல இடங்களில் முரண்படும் நியாய மதத்தின் நூலை ஒரு சைவ சித்தாந்தி இவ்வளவு நேர்மையாகத் தமிழாக்கியது இன்றைய சமய மேடைகளில் காணக்கிடைக்காத பண்பு.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி, கண்டதிலிருந்து காணாததை அறியும் அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். கருமுகிலைக் கண்டு மழை வரும் என்று அறிவது முதல். ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேற்பக்கத்தில் மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் இந்த எச்சமே மெக்கானிக்கின் வழியுமாகும். ஆனால் ஒரே காரியம் பல காரணங்களால் வரக்கூடும் என்பது இதிலுள்ள இடர். அணை போட்டுத் தடுத்தாலும் ஆற்றில் நீர் உயருமே என்று நியாய சூத்திரத்திலேயே எதிர்வாதம் எழுப்பப்பட்டது; வெறும் நீர் உயர்வு ஏதுவாகாது, நுரை பொங்கி இலையும் கட்டையும் அடித்துக்கொண்டு விரைந்து வரும் வெள்ளமே மழைக்கு ஏது என்பது உரைகாரர் வாத்சியாயனர் தரும் விடை. காரியத்தை அதன் சிறப்பு அடையாளங்களோடு காண்பவனுக்கே காரணம் பிடிபடும் என்பது இதன் பொருள்.

'வண்டி கிளம்பவில்லை' என்ற கூற்றும் வெறும் நீர் உயர்வைப் போலப் பரந்துபட்ட ஒன்றே. சாவியைத் திருப்பியதும் விளக்குகள் மங்கி 'டிக் டிக்' என்று விரைவாக ஒலி கேட்பது ஒரு வகை. அது பேட்டரியில் மின்சாரம் குறைந்ததையோ டெர்மினலில் பிடிப்பு இல்லாததையோ காட்டும். ஒரே ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிடுவது வேறொரு வகை. அங்கே ஐயம் செல்ஃப் மோட்டாரின் மேலும் அதன் சாலினாய்டின் மேலும் செல்கிறது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் எவ்வொலியும் எழாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் பெடலின் கீழுள்ள சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை கூறுவது பெரும்பாலும் வீண். எரிபொருளோ, பிளக்கின் பொறியோ, சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பூட்டோ ஆராயத்தக்கது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதைக் கொள்வதை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவை இயலில் ஒழிபு என்னும் பெயரால் குறிக்கிறார். பிறர் தனி அளவையாகக் கொள்ளும் அதனையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிவிடுவது அவர் கொள்கை.

எனினும் கழித்தல் முறை ஓர் அடிப்படையைச் சார்ந்து நிற்கிறது. ஒன்று 'இல்லை' என்பதை எவ்வாறு அறிவது? தரையில் குடம் இல்லை என்று அறியும்போது கண் காண்பது தரையை மட்டுமே. குடத்தின் இன்மையை அறிவதற்கு அனுபலத்தி, அதாவது காணப்படாமை, என்னும் தனி அளவை வேண்டும் என்று வேத வேள்விநெறியை ஆராயும் மதத்தாருள் குமாரிலபட்டர் வழிவந்த மீமாஞ்சகர் கூறினர். நியாய மதத்தார் அதைக் காட்சியிலேயே அடக்கினர். பௌத்தராகிய தருமகீர்த்தி அதை அனுமானத்தின் ஒரு வகையாக்கினார். இம்மூவரும் வேறுபட்டாலும் ஒரு நிபந்தனையில் உடன்படுகின்றனர்: இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற நிலையில் படாமலிருப்பதே இன்மைக்குச் சான்று; இருட்டில் குடம் காணப்படாதது குடத்தின் இன்மைக்குச் சான்றாகாது. தோற்றுப்போகும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் இந்த நிபந்தனையை மறந்ததால் தோற்கிறது. டெர்மினல் வெளியே பளபளப்பாக இருப்பதைக் கண்டு துரு இல்லை என்று முடிவு செய்பவர், கம்பியும் முனையும் தொடும் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாதது என்பதைக் கருதுவதில்லை. மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுவதால் பேட்டரி நலம் என்பவரும் அத்தவற்றையே செய்கிறார். ஓய்வில் இருக்கும் பேட்டரி முழு அளவு காட்டிவிட்டு, செல்ஃப் சுற்றும் சுமையில் 9 வோல்ட்டுக்கும் கீழே விழக்கூடும். சுமை ஏற்றிப் பார்க்கும்போதுதான் அதன் குறை காணத்தக்க நிலைக்கு வருகிறது.

இனி வினாவின் மையத்துக்கு வரலாம். குறிப்பிட்ட ஒரு மணியை அருகில் வைத்தால் நெருப்பு சுடாது என்பது பண்டைத் தருக்கிகள் ஏற்றுக்கொண்டிருந்த எடுத்துக்காட்டு. அப்படிப்பட்ட மணி உலகில் உண்டா என்பது வேறு செய்தி. வாதத்துக்கு அது தேவையில்லை. நெருப்பில் சத்தி என்றொரு தனிப்பொருள் உண்டு, மணி அதை அழித்துவிடுகிறது, மணியை அகற்றியதும் சத்தி மீண்டும் தோன்றுகிறது என்று மீமாஞ்சகர் விளக்கினர். நியாய மதத்தவராகிய உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இதை மறுத்தார். அன்னம்பட்டரின் உரையும் அதே மறுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறது. தடை இல்லாமை என்பதும் காரியத்துக்குரிய காரணங்களுள் ஒன்று. தடை வந்தால் அக்காரணம் குறைகிறது, ஆகவே காரியம் நிகழவில்லை. காணாத சத்தியைக் கற்பித்து அதை அழித்தும் ஆக்கியும் கொண்டிருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். இக்காலக் கார்களின் இம்மொபிலைசர் அந்த மணியின் வேலையை அப்படியே செய்கிறது. சாவியின் தலையிலுள்ள சிப்பை வண்டியின் கணினி அடையாளம் காணாவிட்டால், எல்லா உறுப்பும் பழுதின்றி இருந்தும் எஞ்சினுக்கு எரிபொருள் விடப்படுவதில்லை. எஞ்சினின் 'சக்தி போய்விட்டது' என்று சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. தடை ஒன்று இருக்கிறது, அவ்வளவே.

காரணங்கள் இருந்தால் மட்டும் போதாது, தடைகள் இல்லாமலும் இருக்க வேண்டும் என்னும் இவ்வறிவு ஏட்டில் மட்டும் நின்றதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் குழுவாகிய வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுவோருக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, கல்வி முதலிய தகுதிகளை விதித்துவிட்டு, அதனோடு அமையாமல், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்குகிறது. எல்லாத் தகுதியும் நிறைந்தவன் கணக்குக் காட்டாத ஒரே காரணத்தால் நின்றுபோகிறான். சபையோர் தருக்கம் படித்துத்தான் இவ்விதியை வகுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தகுதியையும் தடையையும் தனித்தனியே எண்ணும் ஒழுங்கு இரண்டிடத்திலும் ஒன்றே.

கண்ணேறு என்ற விடைக்கு இப்போது திரும்பலாம். நியாய மதம் இறைமறுப்பு மதமன்று. குசுமாஞ்சலி ஈசுவரனை நிறுவுவதற்கென்றே எழுந்த நூல். முன்வினைப் பயனாகிய அதிருஷ்டத்தையும் அம்மதம் ஒப்புகிறது. ஆனால் ஈசுவரன், காலம், திசை, அதிருஷ்டம் முதலியவற்றை எல்லாக் காரியங்களுக்கும் உரிய பொதுக்காரணங்கள் என்று அது தனியே நிறுத்துகிறது. குடத்துக்கு மண்ணும் குயவனும் சக்கரமும் சிறப்புக்காரணங்கள். நேற்றுக் கிளம்பிய வண்டி இன்று கிளம்பாத வேறுபாட்டை, நேற்றும் இன்றும் ஒருங்கே இருக்கும் பொதுக்காரணத்தால் விளக்க இயலாது. அதிருஷ்டம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் பயன் தருவதில் மாறுபடுமே என்று வாதிடலாம். அதற்கும் விடை உண்டு. கண்ட காரணம் கிடைக்கும்போது காணாத காரணத்தைக் கற்பிப்பது முறையன்று என்பது மீமாஞ்சகர், நியாய மதத்தார் ஆகிய இரு சாராரும் கையாண்ட நெறி. வேள்வியின் பயனுக்குக் காணாத காரணத்தை வேண்டி நின்ற மீமாஞ்சகரே இந்த எல்லையை வகுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதும், ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இடுவதும், புதுக்காரைச் சென்னைப் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிச் செல்வதும் மூடத்தனம் என்று தள்ளுவதற்கு இத்தருக்கத்தில் இடமில்லை. அவை காப்பு வேண்டும் வழிபாடுகள்; பழுதின் காரணத்தைக் கூறும் ஏதுக்களல்ல. அவற்றைப் பழுதுக்கு விடையாக நிறுத்தும்போதுதான் குற்றம் நேர்கிறது. குடத்துக்கு மண் சுமந்து வந்த கழுதை குடத்துக்கு முன்பே அங்கிருந்தாலும் அதன் காரணமாகாது என்று தருக்க நூல்கள் விலக்கும் குற்றம் அது. முந்தின நாள் பூனை குறுக்கே போனதும், அயலார் வண்டியைப் புகழ்ந்ததும் இவ்வகையில் அடங்கும்.

இக்குற்றம் பக்தர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளம்பாத காருக்குப் புதுப் பேட்டரி மாட்டுகிறார்கள், வண்டி கிளம்புகிறது, பழைய பேட்டரியே காரணம் என்று முடிவாகிறது. மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் இறுக்கியதும் கணக்கில் வருவதில்லை. ஒன்று இருந்தால் காரியம் உண்டு, அது இல்லாவிட்டால் இல்லை என்னும் உடன்பாட்டையும் எதிர்மறையையும் சோதிக்க, பிற யாவும் மாறாதிருக்க ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டு ஒன்றுக்குப் புகழ் சூட்டுபவர், பரிகாரமும் செய்து மெக்கானிக்கையும் அழைத்துவிட்டுப் பரிகாரம் பலித்தது என்பவரிடமிருந்து தருக்க முறையில் வேறுபட்டவரல்லர். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவழித்தவர் என்பதே வேறுபாடு.

'பரீட்சைக்குப் பிள்ளையை அழைத்துப்போக வேண்டிய இந்தக் காலையில், எனக்கு ஏன் இது?' என்ற வினா இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சுகிறது. அது வண்டியைப் பற்றிய வினாவன்று. சைவ சித்தாந்தி அதற்கு வினையென்று விடை தருவார், பௌத்தர் 'எனக்கு' என்ற சொல்லையே கேள்விக்கு உட்படுத்துவார், நியாய மதத்தார் அதிருஷ்டத்தைச் சுட்டுவார். அவ்விடைகளுள் எதை ஏற்பவரும் முதலில் போனட்டைத் திறந்து டெர்மினலை அசைத்துப் பார்க்கட்டும்; பூசையை அதற்குப் பிறகு செய்வதால் எந்தச் சாத்திரமும் மீறப்படுவதில்லை.