மலடி என்னும் தீர்ப்பு

“வயிற்றில் பூச்சி புழு ஏதும் உண்டா?”

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில், மணமாகிச் சில திங்கள் சென்றதுமே குழாயடியிலும் திண்ணையிலும் எழும் வினா இது. ஈராண்டில் வினா ஏளனமாகிறது. ஐந்தாண்டில் ஏளனம் தீர்ப்பாகிறது: மலடி!

அதன்பின் வளைகாப்புக்கு அவளுக்கு அழைப்பில்லை. அழைத்தாலும், வளையல் பூட்ட அவள் கை ஆகாது. மரத்தில் தொட்டில் கட்டு என்கிறார்கள், கட்டுகிறாள். மண்சோறு உண் என்கிறார்கள், உண்கிறாள். கரு உண்டாகவில்லை, மனந்தான் உடைகிறது.

தோழர்களே! இந்தத் துயர் இயற்கை தந்ததா? நாம் தந்ததா?

இயற்கையின் பங்கு உண்டு. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் கருவுறாமையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. தடையேதுமின்றி ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிடில் அதனைக் கருவுறாமை என்கிறது மருத்துவம். காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், புலப்படாமலே போகலாம். ஆணுக்கான முதற் சோதனை எளிது, கத்தியில்லை, வலியில்லை. ஆயினும் மருத்துவமனைப் படிகளை முதலில் ஏறுபவள் அவளே. ஆண்மை என்னும் அகந்தை வீட்டிலேயே அமர்ந்திருக்கிறது!

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். இம்மாவட்டங்களின் இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். ஈராண்டுக்கொரு முறை இரண்டு திங்கள் விடுப்பில் வருபவனின் மனைவியை எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டு மணவாழ்வில் இருவரும் சேர்ந்திருந்தது ஆறு திங்கள்கூட இராது. மருத்துவம் கேட்கும் ஓராண்டே நிறையவில்லை. ஊரோ தீர்ப்பெழுதி விட்டது!

உறக்கம் தொலைந்து, ஓயாது அழுது, உயிரே சுமையென அவள் எண்ணும்போது தோஷம் என்கிறார்கள், பேய் என்கிறார்கள். தோஷமுமன்று, பேயுமன்று; மனம் பட்ட காயம் அது. அதற்கு மருத்துவம் உண்டு. மனநல மருத்துவம் பெறுவது எவருக்கும் உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 14416 என்ற எண்ணில் அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். ஆனால் காயத்தை ஆற்றுவது மருத்துவர் கடமையென்றால், கல்லெறியாதிருப்பது யார் கடமை?

“வாரிசு வேண்டும், இன்னொருத்தியைக் கட்டு” என்போரும் உளர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, மனைவியிருக்க மறுமணம் செல்லாது, அது குற்றம். பிள்ளையில்லை என்பது மணவிலக்குக்கும் காரணமாகாது.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. “பிள்ளை எதற்கு?” என்று தத்துவம் பேசி அவள் கண்ணீரைக் கடந்து விடுகிறோம். பிள்ளைப்பேறு பெண்ணின் விடுதலைக்கு விலங்காகக் கூடாதென்று வாதிட்டவர் பெரியார். அவரது ‘பெண் ஏன் அடிமையானாள்?’ அதற்குச் சான்று. வேண்டாம் என்பவளின் உரிமையைக் காப்பது பகுத்தறிவு. வேண்டும் என்று ஏங்குபவளின் ஏக்கத்தை மதிப்பதும் பகுத்தறிவே. இருவருக்கும் அது சொல்வது ஒன்றுதான்: பெண்ணின் மதிப்பை அளக்கும் கோல் கருப்பையன்று.

ஆகவே தோழர்களே, மேடைக்கு முன் வீட்டைத் திருத்துவோம். அந்த வினாவை நம் தாயும் தமக்கையும் கேட்கையில் தடுப்போம். சோதனைக்கு நாமே முதலில் செல்வோம். நம் வீட்டு வளைகாப்பில், முதல் வளையலை அவள் கையால் பூட்டச் செய்வோம்.