பொரளைப் படமும் பார்ப்பவன் கடனும்

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட, மறுநாள் அவர்களுடைய சடலங்களை அடக்கம் செய்வதற்கெனக் கொழும்பு பொரளைக் கனத்தை மயானத்திற் கூடிய ஜனத்திரளிலிருந்து கிளம்பிய வன்மம், சில நாட்களில் நாடெங்கும் தமிழர் வீடுகளைச் சாம்பலாக்கியது. அந்நாட்களிற் பொரளை பஸ் தரிப்பிடத்தில், கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகையைச் சேர்ந்த சந்திரகுப்த அமரசிங்க எடுத்த புகைப்படம் ஒன்று, இன்றளவும் அந்தப் பாதகத்தின் முகமாக நம்முன் நிற்கிறது. ஆடை களையப்பட்ட தமிழன் ஒருவன் குனிந்து அமர்ந்திருக்கிறான். அவனெதிரே ஒருவன் உதைப்பவன்போற் காலைத் தூக்கி நிற்கிறான். சூழ நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை வந்தால் இப்படத்தைப் பத்திரிகைகளும் நினைவுமலர்களும் அச்சிடுகின்றன. ஹட்டன் கடைத்தெருவிலே கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து ஓய்வு கொள்ளும் தாய் முதல், நுவரெலியா நூலகத்தில் அமர்ந்திருக்கும் மாணவன் வரை, அதைக் காண நேராதவர் நம்மில் அரியர். அப்படிக் காண்பது புண்ணியமா, பாபமா? நிராயுதபாணியாகவும் நிர்வாணமாகவும் மரணத்தின் வாயிலில் அமர்ந்த ஒருவனை, அவன் சம்மதமின்றி, மீண்டும் மீண்டும் நோக்குவதற்கு நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? இந்த வினா என்னை நெடுங்காலமாக விடாமற் பற்றியிருக்கிறது.

மலைநாட்டாராகிய நமக்கு இவ்வினா அந்நியமானதன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திலே பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனையும், 1977 மே மாதம் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்திலே டெவன் தோட்டத்திற் சுடப்பட்டு வீழ்ந்த சிவனு லெட்சுமணனையும் பெயர் சொல்லி நினைக்கிறோம். 1983இல் அதே தீ மலையேறி வந்து நுவரெலியாக் கடைவீதியையும் எரித்தது. கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவர்களை உரிமை கொண்டாடத் தோழர்கள் உண்டு. பொரளை மனிதனுக்கோ நம்மிடையே எஞ்சியிருப்பது அவன் அவமானப்பட்ட ஒரு கணமே. வீட்டுச் சுவரிலே மாலை சூட்டி விளக்கேற்றக்கூடிய படமா அது? அவனுடைய தாய் அதை எங்கே மாட்டுவாள்?

கொலைக்களத்தைப் படம் பிடிப்பது பத்திரிகைத் தொழிலில் பழையதொரு வழக்கம். நியூயோர்க் நகரத்திலே பொலிஸ் வானொலியைத் தன் காரிற் பொருத்திக்கொண்டு இரவெல்லாம் கொலையுண்டவர்களைத் தேடிச்சென்ற ஆர்தர் ஃபெலிக் என்பவர், ‘வீஜீ’ என்ற பெயரிற் பிரசித்தி பெற்றவர், 1941இல் எடுத்த படமொன்றிற் பிணம் இல்லை. பிணத்தைக் காண முண்டியடிக்கும் பள்ளிச் சிறுவர்களே அதில் இருக்கிறார்கள். சிலர் சிரிக்க, அவர்கள் நடுவே இறந்தவனின் உறவினளான ஒருத்தி கதறுகிறாள். பார்வையாளரே அங்கே விஷயமாகிவிட்டனர். பொரளைப் படத்தையும் அவ்வாறே நோக்கவேண்டுமென்பது என் துணிபு. அதில் விசாரணைக்கு உட்பட்டு நிற்பவன் ஆடையிழந்தவன் அல்லன், சிரித்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், பல்லாண்டு கழித்து, நாம்.

வேதாந்திகள் ஆன்மாவைச் சாட்சி என்பர். காண்பதேயன்றிக் காணப்படுவதால் தீண்டப்படாதது என்பர். அந்த உயர்ந்த கொள்கையை நான் வணங்குகிறேன்; ஆயினும், பத்திரிகையைப் புரட்டுகிற சாமானியன் அதைத் தனக்குப் புகலிடமாக்கிக் கொண்டு, ‘நான் பார்த்தேன், அவ்வளவே’ என்று எழுந்துபோவதை ஒப்ப இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சித்தாந்திகள், உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று கண்டார்கள்: பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தை ஏற்பதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைகிறது. ஆகவே தீண்டப்படாத பார்வை என ஒன்று பெத்த நிலையில், அதாவது மலத்தாற் கட்டுண்ட நிலையில், உள்ள நமக்கு இல்லை. அப்படத்தைக் காணும் உயிர் சிரித்தவர்களைச் சாரலாம், வெறும் வெறுப்பைச் சார்ந்து, நாளை வேறொருவனை அவ்வாறு அமர்த்தத் துணியலாம், குனிந்திருப்பவனைச் சாரலாம். எதையும் சாராமலிருத்தல் மட்டும் கைகூடாது. கௌரவர் சபையிலே பாஞ்சாலியின் துகிலை உரிந்தபோது வாய்மூடி வீற்றிருந்த பீஷ்மரையும் துரோணரையும் பாரதம் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லையே!

படமெடுத்தவரையும் நாம் மறத்தலாகாது. தணிக்கையும் அவசரகாலச் சட்டமும் இருந்த வேளையில், வெறிகொண்ட கும்பலின் நடுவே கமராவை உயர்த்திய அந்தச் சிங்களப் பத்திரிகையாளரின் செயலை நான் தர்மமென்றே கொள்கிறேன். அவர் கண்டிராவிட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லையென்று சொல்லுவோர் துணிவு இன்னும் பெருகியிருக்கும். ஆனால் அவர் தம் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை, எந்தப் பணயமும் வையாத நாம் ஆண்டுதோறும் மலரின் அட்டையை நிரப்புவதற்காகச் செய்கிறோம்.

நம் தோட்டங்களிலே மதுரைவீரனுக்குப் படையல் இடாத இடம் ஏது? பொய்ச் சந்தேகத்தால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அந்த வீரனின் கதையை நாம் கேட்கிறோம், அழுகிறோம், பிறகு அவனுக்குச் சோறும் பூவும் வைத்து, காவலனே என்று அழைக்கிறோம். அநியாயமாகக் கொல்லப்பட்டவனுக்கு உயிரோடிருப்பவர்கள் கடன்பட்டவர்கள் என்பது லயத்துச் சனங்களின் சமயத்திற் கற்பிக்கப்படாமலே விளங்குவது. வெட்டுண்ட நிலையில் அவனை நிறுத்தி வைத்து அவர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. வாளேந்திய கோலத்திலேயே வழிபடுகிறார்கள்.

அப்படியானால் அந்தப் படத்தில் மனிதனின் உருவை மறைத்துவிட்டுச் சிரித்த முகங்களை மட்டும் அச்சிடலாமே என்பார் உளர். நான் இசையேன். எதற்காகச் சிரித்தார்கள் என்பது மறைந்தால் அவை ஏதோ திருவிழா முகங்கள் ஆகிவிடும். படம் முழுமையாகவே இருக்கட்டும். ஆனால் அட்டையில் வேண்டாம், விளம்பரத்தோடு வேண்டாம், நிகழ்ந்ததை விளக்கும் எழுத்தின் துணையின்றி வேண்டாம். ஜூலையின் பிற்பகுதி நமக்கு ஆடி மாதம். பிதிர்க்கடனுக்குரிய அமாவாசை அம்மாதத்தில் வருகிறது. பெயரும் கோத்திரமும் அறியப்படாதவர்க்கும், நீர் வார்க்க உறவினர் எவருமில்லாதவர்க்கும் எள்ளும் நீரும் இறைப்பதற்கு நம் தர்ப்பண முறையிலேயே இடம் வகுத்திருக்கிறார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள கோயில்களின் பரிபாலகர்கள் அந்த நாளில் பொரளை மனிதனையும் அவ்வாறு நீர் வார்க்கப்படுவோருடன் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்கிறேன். அவன் படத்தை அச்சிடும் பத்திரிகாசிரியர்களும் அன்று வந்து நிற்கட்டும்.