தலைவாசல் கதவு

தேக்குக் கதவின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தரத்தை அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. வைரம் பாய்ந்த கட்டை பழுப்பாகவும் வெளிறு வெளுத்தும் இருக்கும். இரண்டின் மேலும் ஒரே வார்னிஷைப் பூசிவிட்டால் கண் என்ன செய்யும்?

பண்டசோழநல்லூரில் வீடு கட்டும் நண்பர், “விலை கூடினால் சரக்கும் உசத்திதானே?” என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவின் மேல்விளிம்பைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வார்னிஷ் ஏறியிராது. முழுக்கட்டையா, மேலே ஒட்டிய மெல்லிய தகடா என்பது வெட்டுமுகத்தில் தெரிந்துவிடும். (சித்திர வேலைக்குக் கொடுக்கும் காசு தெருவில் போகிறவர்களுக்காக!)

கேட்டால்தான் சொல்வேன் என்கிற வியாபாரி பொய் சொன்னதாகாது, வாஸ்தவம். ஆனால் கறையான் வெளிறைத்தான் முதலில் தேடி வரும். அன்றைக்கு, அவர் வாய் திறவாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர் என் நண்பராக இருப்பார். நல்லவேளை, இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.