மன்னிக்க உரியவள்

அந்தோனியோனியின் 'லாவெந்தூரா' 1960இல் கான் விழாவில் கேலிக் கூச்சலுக்கிடையே திரையிடப்பட்டது. அதே விழாவில் நடுவர் குழுவின் பரிசையும் பெற்றது. பிறகு விமர்சகர்கள் அதை அந்நியமாதலின் சாசனமாக்கினார்கள். இன்று பார்க்கையில் அந்த வார்த்தை ஒரு தப்பித்தலாகவே படுகிறது. படத்தில் இருப்பது நோய் அல்ல, குற்றம்.

சிசிலிக்கு வடக்கே, லிஸ்கா பியாங்கா என்ற பாறைத் தீவில் அன்னா காணாமல் போகிறாள். காதலன் சாந்த்ரோவும் தோழி க்ளாதியாவும் தேடுகிறார்கள். தேடல் எந்த இடத்தில் காதலாயிற்று என்று கோடு கிழிக்க முடியாது. நாமும் அன்னாவை மறந்துவிடுகிறோம். யாருக்குச் சேர வேண்டியது என்று தெரியாத தொகையை பாங்க்கில் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். தீரும்வரை அது உறுத்திக்கொண்டிருக்கும். இவர்களிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை.

நோட்டோ நகரில், ஓர் இளைஞன் வரைந்துகொண்டிருக்கும் படத்தின் மேல் சாந்த்ரோ மசியைக் கொட்டுகிறான், கை தவறியதுபோல. கட்டடக் கலைஞனாக ஆக முடியாத கட்டடக் கலைஞன் அவன். தான் செய்த சேதத்தை விபத்தாக்கிவிடுவது அவன் சுபாவம். க்ளாதியா அப்படியல்ல. அன்னா இறந்திருப்பாளோ என்று முன்பு நடுங்கியவள், இப்போது அவள் உயிரோடு திரும்பிவிடுவாளோ என்று பயப்படுவதை வாய்விட்டுச் சொல்கிறாள். படத்தில் தன் ஆசையின் விலையை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில், தவோர்மினாவில், வேறொரு பெண்ணோடு பிடிபட்ட சாந்த்ரோ பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறான். பின்னால் நிற்கும் க்ளாதியாவின் கை தயங்கி, அவன் தலையைத் தொடுகிறது. துரோகம் செய்த ஆணைப் பெண்தான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது இன்றைய கேள்வி, நியாயமான கேள்வி. ஆனால் அது அந்தக் கையை மன்னிப்பு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. பாத்திரங்கள் வந்து சேருவது அதிகபட்சம் ஒருவகைப் பரஸ்பர இரக்கம் என்று அந்தோனியோனி கானில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னார். அதுவும் இருவருக்குள் முடிந்துவிடுகிற விஷயமாகிவிடுகிறது.

மன்னிக்கும் உரிமை, தீங்கு அனுபவித்தவருக்கு மட்டுமே உண்டு. அன்றிரவு நடந்ததை க்ளாதியா மன்னிக்கலாம். அன்னாவை மறந்ததை அவளால் மன்னிக்க முடியாது; அதில் அவளும் பங்காளி. எனவே அந்தக் கை, ஒரு குற்றவாளி இன்னொரு குற்றவாளியை அடையாளம் கண்டுகொள்வது என்றே எனக்குத் தோன்றுகிறது. அது ஆறுதலாகவும் இருக்கலாம். விடுதலை ஆகாது.

சட்டகத்தின் ஒரு பாதியில் வெற்றுச் சுவர், மறுபாதியில் தொலைவில் எட்னா. நடுவில் இரண்டு பேர். மன்னிக்க உரியவள் அங்கே இல்லை.