உறக்கமும் மருந்தும்

நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என உயிர்க்கு அவத்தை ஐந்தென்பது சித்தாந்த நூலுணர்ந்தார் யாவரும் அறிந்ததே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் இதனை உணர்த்தினர். நனவின்கண் 35 கருவிகளொடு புருவநடுவில் நிற்கும் உயிர், கனவின்கண் 25 கருவிகளொடு கண்டத்தினும், உறக்கத்தின்கண் 3 கருவிகளொடு இதயத்தினும் நிற்கும் என்பர். இஃது ஏட்டளவில் நின்றொழியும் ஆராய்ச்சியன்று. உறக்கம் வாராது இரவெல்லாம் புரளும் ஒருவர்க்கு, உறங்குதற்பொருட்டு மருந்துண்ணல் தகுமோ தகாதோ என்னும் வினாவிற்கும் விடை ஈண்டே உளது.

இவ்வினா மிக்கெழும் இடங்களுள் ஒன்று கன்னடநாட்டெல்லையை அடுத்த ஓசூர். 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகள் அங்கே பெருகியபின், சந்திரசூடேசுவரர் எழுந்தருளிய குன்றைச் சூழ்ந்த அவ்வூர் இரவும் பகலும் ஓயாத ஊராயிற்று. தொழிலாளர் பலர் ஷிப்டு மாறிமாறி வேலை செய்கின்றனர். இரவெல்லாம் எந்திரத்தின்முன் நின்று விடியலிற் பேருந்தேறி வீடு திரும்புவார் கண்ணில் ஞாயிற்றொளி படுகின்றது. அவ்வொளியோ, உடலை உறக்கத்திற்கு ஆயத்தஞ்செய்யும் மெலட்டோனின் சுரத்தலை அடக்குவது. உடம்பினுள்ளே நாழிகை காட்டும் பொறியொன்று இயங்குமாற்றை விளக்கிய அறிஞர் மூவர் 2017இல் நோபெல் பரிசு பெற்றனர். கிழமைதோறும் ஷிப்டு மாறுமாயின் அப்பொறி எதனைப் பற்றி நிற்கும்?

இங்ஙனம் வருந்துவாரை நோக்கி, "மாத்திரையுண்பது தாமதகுணத்தை வளர்ப்பது, ஐந்தெழுத்தை ஓதுவார்க்கு உறக்கம் தானே வரும், வாராமை பத்திக்குறைவே" எனச் சிலர் கூறுப. அது பொருந்தாது. என்னை? தனு கரண புவன போகங்கள் இறைவன் உயிர்கட்கு இரங்கி உதவியன. உடம்பைப் பேணுதல் அவ்வுதவியைப் போற்றுதலேயாம். துன்பம் வினைப்பயன் அன்றோ எனின், பசியும் வினைவழி வருவதே. அதுபற்றிச் சோறிடாது விடுவார் யாருமிலர். மேலும், உறக்கம் வருதற்பொருட்டே ஓதுவான், வந்ததோ வந்ததோ என்று பார்த்துக்கொண்டே ஓதுவன். அப்பார்வையே உறக்கத்திற்குப் பகையாம். குடும்பங் காக்க இரவில் உழைப்பானை இகழ்தல் சிவநேயம் ஆகாது.

அற்றேல், வேண்டியபோதெல்லாம் மாத்திரை உண்ணலாமோ எனின், அதுவும் அன்று. 1903இல் விற்பனைக்கு வந்த பார்பிட்டால் வகை மருந்துகள், அளவு சிறிது மிகினும் உயிர்க்கு இறுதி செய்தன. 1960 முதல் வந்த பென்சோடயசெபீன் வகை அத்துணைக் கொடியதன்றெனினும், நாட்படின் அளவு போதாதாகி மிகுதியை வேண்டும். திடீரென விடின் உறக்கமின்மை முன்னினும் பெருகும். மதுவொடு கூடின் மூச்சை அடக்கும். ஆகலினன்றே, அல்பிரசோலம், சோல்பிடெம் முதலியவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென்றும், வாங்குவார் பெயரை ஏட்டிற் பதிந்து 3 ஆண்டு காக்கவேண்டுமென்றும் 2014 முதல் விதி நடைபெறுகின்றது. இவ்வாறிருக்க, உடன் தங்கியிருப்பான் தன்பால் எஞ்சிய மாத்திரையை அன்பினால் ஈதலும், அதனை உண்டு மயக்கந் தெளியாமுன் எந்திரத்திற் கைவைத்தலும் எத்துணை அஞ்சத்தக்கன!

இனி ஆராயத்தக்கது ஒன்றுண்டு. உயிர் தன் முயற்சியால் உறக்கத்துட் புகுவதில்லை. கருவிகள் ஒவ்வொன்றாய் ஒடுங்க, உயிர் ஆண்டுச் செல்வதாம். உறங்குவேன் என்னும் முனைப்பு நிற்குந்துணையும் உறக்கம் அணுகாது. மருந்து கருவிகளைத் தளர்த்தவல்லது. முனைப்பையுங் கவலையையும் களையவல்லதன்று. கடன்சுமையால் விழித்திருப்பான் மாத்திரையுண்டு துயின்றெழினும், கடன் தலைமாட்டிலேயே இருக்கும். திருவள்ளுவர் மருந்திற்கென ஓரதிகாரம் வகுத்து, நோயின் முதலை நாடுதலை வற்புறுத்தியதும் இக்கருத்தே பற்றியென்க. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியாரும், நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற்கண் கொள்ளத்தக்கது எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையே என்றும், அதனால் தீராதவிடத்துச் சிறிதுகாலம் மருந்து கொள்வதை ஆராய்க என்றும் கூறினர்.

ஆதலால், அறையை இருளாக்குதலும், வேலை முடியுங்காலத்துக் காப்பி தேநீர் ஒழித்தலும், உறக்கம் வாராதபோது படுக்கையிற் கிடந்து போராடாது எழுந்திருத்தலும் முதற்கண் செய்யத்தக்கன. அவற்றால் தீராதாயின் மருத்துவரை அடைந்து, அவர் வரையறுத்த அளவும் நாளும் பிறழாது மருந்துண்க; அதனால் நெறிக்கு இழுக்கில்லை. நெடுநாள் உண்டவர் விடக்கருதின், அதனையும் அவர் சொற்படி சிறிது சிறிதாகவே விடுக. ஆலை நடத்துவோர்க்கும் ஒரு கடமையுண்டு: ஷிப்டுகளை உடல் தாங்குமாறு வகுத்தல். தொழிலாளியின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டு அவனை மாத்திரைக்கு விடுதல் அறமாகாது. மருந்து தடையை நீக்கும் துணையாகலாம். உறக்கமோ ஈட்டப்படும் பொருளன்று, அருளப்படும் பேறு என்பதே எமது துணிபு.

திருச்சிற்றம்பலம்.