படைக்கலத்தில் அணி

குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியில் மரக்கட்டைக்கு இரண்டு வேலைகள்: குழலைத் தாங்குவது, வெடியின் உதைப்பைத் தோளில் இறக்குவது. கட்டையில் பதிக்கும் தந்தமும் வெள்ளியும் குறி தவறாமல் சுட உதவுவதில்லை. இருந்தும் கொல்லும் கருவியை மனிதர் அழகுபடுத்தினர். அந்த அழகு கொலையின் பாவத்தைக் குறைக்குமா என்பது அறத்தின் கேள்வி.

இலங்கையின் கண்டி அரசின் துப்பாக்கிகளில் கட்டையின் அடிப்பகுதி பிளந்து சுருண்டிருக்கும். அதன்மேல் கொடிவேலைப்பாடு படரும். பௌத்த விகாரைகளை அலங்கரிப்பதும் இதே கொடிதான். உயிர்க்கொலை தவிர்ப்பதைப் பஞ்சசீலத்தின் முதற்சீலமாகக் கொண்ட சமயத்தின் அணி படைக்கலத்துக்கும் வந்து சேர்ந்தது. திப்பு சுல்தானின் (ஆட்சி 1782–1799) துப்பாக்கிகளில் புலிவரிகள் ஓடும். அவருடைய படைக்கலங்களில் நபிகளின் மருமகனான அலியைப் போற்றும் 'வெல்லும் இறைச்சிங்கம்' என்னும் பெயரின் அரபு எழுத்துகள் புலிமுகமாக வளைந்திருக்கும். அங்கே அணியே வேண்டுதல்.

தமிழ் மரபு இந்த அழகை ஐயத்தோடும் பார்த்தது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், பீலியும் மாலையும் சூடி அரண்மனையில் இருக்கும் படைக்கலங்களையும், போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் படைக்கலங்களையும் புறநானூற்றின் 95ஆம் பாடலில் எதிரெதிரே வைக்கிறார். பளபளப்பு வீரத்துக்குச் சான்றாகாது என்பது அதன் உட்பொருள். திருக்குறளோ 'படைச்செருக்கு', 'கொல்லாமை' இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் தந்தது.

வடசென்னையில் இக்கேள்வி தொழிற்கருவிகளின் வழியே வாழ்கிறது. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு இந்தியா 1955இல் தொடங்கியது. அந்தப் பெயரின் வேர் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலை. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிளும் வாய்வழி மருந்து கெட்டிப்பதே. அதன் வால்நட் மரக்கட்டையில் அலங்காரம் இல்லை. திருவொற்றியூர் வண்டிகளின் பெட்ரோல் டேங்கிலோ கைதேர்ந்தோர் தூரிகையால் பொன்கோடு இழுத்தனர்.

ஆயுத பூஜையன்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை பட்டறைகளில் கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவர். பூஜையில் வைத்த கருவியை எடுத்து வேலை செய்வதில்லை. இந்த ஓய்வில்தான் விடை இருக்கிறது. அணி கருவிக்குப் புண்ணியம் சேர்ப்பதில்லை. தன் கையிலுள்ள ஆற்றலைக் கீழே வைக்கவும் தெரிந்தவனிடமே அது வழிபாடாகிறது. அந்த அடக்கம் இல்லாதவன் துப்பாக்கியில் எத்தனை தந்தம் பதித்தாலும் சுட்ட பழி அவனையே சேரும்.